எந்த நீருக்கு மேல் எத்தனை மீட்டர்?

பாய்மரக் கப்பல்களால் வளர்ந்த ஊர் புதுச்சேரி. ஆனாலும் பாய்மரம் பாலத்தில் இடிக்குமா என்ற கேள்வி இவ்வூரில் நெடுங்காலம் எழவே இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெரிய கப்பல்கள் கரையை விட்டு விலகி, திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. சரக்கும் ஆட்களும் சலங்கு எனும் கரைப்படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்ந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல்களின் வரவும் புறப்பாடும் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தக் கப்பல்களின் பாய்மரங்களுக்கு மேலே வானம் மட்டுமே இருந்தது.

இன்று கடலூர்ச் சாலை அரியாங்குப்பத்திலும் நோணாங்குப்பத்திலும் ஆற்றைப் பாலத்தால் கடக்கிறது. மூலக்குளம் வழியாக விழுப்புரம் போகும் சாலையும் சங்கராபரணியைப் பாலத்தின் மேல்தான் தாண்டுகிறது. சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. 2008-இல் அறிவிக்கப்பட்ட 4-ஆம் தேசிய நீர்வழி காக்கிநாடாவில் தொடங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே மரக்காணம் வந்து, கழுவேலியைக் கடந்து புதுச்சேரியில் முடிவதாகத் திட்டம். அந்த வழி நெடுகிலும் குறுக்கே பாலங்கள். பாலம் இல்லாத இடத்தில் மின்கம்பிகள்.

இந்தப் பாய்மரம் இதன் கீழ் போகுமா? இதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயரத்தைப் பற்றிய பேச்சுக்கு அடியில் வேறொரு வழக்கு ஓடுவது தெரியும். வழிவிட வேண்டியவர் யார், அளக்க வேண்டியவர் யார், அளவு பொய்த்தால் பொறுப்பு யாருடையது என்பதுதான் அந்த வழக்கு. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு தரப்பின் மேல் சுமை ஏற்றப்பட்டிருக்கிறது.

மரத்தைச் சாய்த்துவிடு

மிகப் பழைய விடை, கேள்வியையே இல்லாமல் செய்துவிடுவது. பாய்மரத்தை இறக்கிவிட்டால் அளவு பார்க்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஆறுகளில் சரக்கேற்றிய படகுகளின் பாய்மரம், அடியில் கட்டிய எடையின் துணையோடு சாய்ந்து நிமிரும். பொட்டர் ஹெய்கம் என்ற ஊரின் இடைக்காலக் கல்பாலத்தைப் போன்ற தாழ்ந்த வளைவுகளை அப்படித்தான் கடந்தார்கள். தேம்ஸ் ஆற்றுப் பாய்ப்படகுகளும் பாலத்தை நெருங்கும்போது மரத்தையும் கயிறுகளையும் சேர்த்துப் படுக்க வைத்து, கடந்ததும் நிமிர்த்திக்கொண்டன.

தமிழ்க் கரையில் இதற்குத் தனிப் பொறியமைப்பு தேவைப்படவில்லை. கட்டுமரத்தின் பாயும் மரமும் கரையேறும்போது கையோடு கழற்றப்படுபவை. பாக் நீரிணையில் ஓடிய வத்தைகளின் மரங்களும் ஆள்பலத்தால் ஏற்றி இறக்கும் அளவிலேயே இருந்தன. பக்கிங்காம் கால்வாயில் காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் கழி, அதுவும் போதாதபோது கரையில் நடந்தபடி கயிற்றால் இழுக்கும் ஆட்கள் என்று மூன்று வழியிலும் படகுகள் நகர்ந்தன. அத்தகைய படகுக்குத் தாழ்ந்த பாலம் ஒரு தொந்தரவு. தடை என்று சொல்வதற்கில்லை.

இந்த விடையின் பலவீனம், இன்றைய பாய்ப்படகின் கட்டமைப்பில் இருக்கிறது. அலுமினியத்தாலோ கார்பன் இழையாலோ ஆன உயரமான மரத்தை எஃகு வடங்கள் நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மரத்தின் அடி பல படகுகளில் தளத்தைத் துளைத்துக்கொண்டு அடிமரம் வரை இறங்குகிறது. அதைக் கழற்றக் கிரேன் வேண்டும். ஆக, இது சிறிய படகுகளுக்கும் ஆற்றுப் படகுகளுக்கும் மட்டும் எஞ்சியிருக்கும் விடை. அவற்றைப் பொறுத்தவரை இதைவிட நல்ல விடை இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாலம் வழிவிடட்டும்

இரண்டாவது விடைக்குத் தமிழ்நாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நடுவில், அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் பெயரால் வழங்கும் உருண்டு திறக்கும் கண் ஒன்று அமைந்தது. இரு பாதிகளும் கரைப்பக்கமாக உருண்டு மேலெழும். நடுவில் வானம் திறக்கும். அதற்கு விசை கொடுத்தது மனிதக் கை. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே போகும் தோணிகளும் படகுகளும் இலங்கையைச் சுற்றாமல் போவதற்கான குறுக்குவழி பாம்பன் கால்வாய். அதை அடைத்துவிட்டு ரயில் ஓட்டுவது அன்று எண்ணிப் பார்க்கக்கூடியதாக இல்லை. பாய்மரத்துக்கு முன்னுரிமை இருந்த காலத்தின் கட்டுமானம் அது.

1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பாலான கண்கள் கடலோடு போயின. திறக்கும் கண் தப்பியது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் மீண்டும் எழுந்தது என்பது பலரும் அறிந்த கதை. இங்கே நமக்கு முக்கியமான ஆண்டு வேறு: 1988. அந்த ஆண்டு அக்டோபர் 2-இல் பக்கத்திலேயே அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அது நிலையான பாலம், திறக்காது. ரயில் பாலம் வானத்தைத் திறந்து காட்டினாலும், சில நூறடி தள்ளிச் சாலைப் பாலம் ஒரு கூரையைப் போட்டுவிட்டது. அன்று முதல் பாம்பனைக் கடக்கும் பாய்மரத்தின் உச்சவரம்பை வகுப்பது, திறக்கும் பாலம் அல்ல, திறக்காத பாலம்.

2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டே வடிவமைக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள கண் கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலே தூக்கப்படுகிறது. தூக்கிய நிலையில் கடலின் சராசரி மட்டத்திலிருந்து 22 மீட்டர் இடைவெளி. சாலைப் பாலம் விடும் உயரத்தை ஒட்டிய அளவு. செங்குத்தாகத் தூக்கும் பாலத்தில், தூக்கிய கண் தலைக்கு மேலேயே நிற்கும். எவ்வளவு தூக்கினாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. பக்கத்துப் பாலம் ஏற்கெனவே எல்லை போட்டுவிட்டபோது இதற்கு மேல் தூக்கி என்ன பயன் என்பது பொறியாளர்களின் நியாயமான வாதம். ஆனால் அதே வாதம் நாளை சாலைப் பாலத்தை மாற்றிக் கட்டும்போது திரும்பி வரக்கூடும்: ரயில் பாலம் 22 மீட்டர்தானே விடுகிறது, நாம் மட்டும் ஏன் கூட்ட வேண்டும்? ஒரு வரம்பு இன்னொரு வரம்புக்குச் சாட்சியாகி, இரண்டும் நிலைத்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

22 மீட்டர் போதாதா? மீன்பிடி விசைப்படகுகளுக்குத் தாராளம். 12 மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகின் மரம் நீர்மட்டத்திலிருந்து 17, 18 மீட்டர் அளவில் நிற்பது வழக்கம், அதுவும் போய்விடும். 15 மீட்டர் நீளத்தைத் தாண்டிய படகுகளுக்குத்தான் ஒவ்வொரு சாணும் கணக்கு. பாம்பனில் ஆழமும் குறைவு என்பதால், அடி தட்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் தலை இடிக்குமா என்ற கேள்வியை முந்திக்கொள்ளும்.

திறக்கும் பாலத்தின் குறை எல்லோரும் அறிந்ததே: ஒருவர் போக இன்னொருவர் நிற்க வேண்டும். கல்கத்தாவில் 1874-இல் அமைந்த மிதவைப் பாலம் கப்பல்களுக்காக 200 அடி அகலத்துக்குத் திறக்கும். அவ்வேளையில் ஹவுரா சாலை முழுதும் காத்திருக்கும். 1943-இல் வந்த ஹவுரா பாலம் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. உலகம் முழுக்க நகரங்கள் செய்த தேர்வு ஏறத்தாழ இதுதான். சாலைக்காரர் எண்ணிக்கை பெருகப் பெருக, பாலம் திறப்பதை நிறுத்திக்கொண்டது.

எண் எழுதி நிற்கும் பாலம்

மூன்றாவது விடையான நிலையான பாலத்தோடு கேள்வியின் தன்மையே மாறுகிறது. பாலம் இனி நகராது. ஒரு எண்ணை மட்டும் அறிவிக்கும். அந்த எண்ணை யார் தீர்மானிப்பது என்பதில் இரண்டு மரபுகளைக் காணலாம்.

முதலாவது மரபு, வழியில் ஓடும் கலங்களைப் பார்த்து எண்ணை வகுப்பது. பாலம் கட்ட அனுமதி தரும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, நீர்வழிப் போக்குவரத்தின் நியாயமான தேவைகளை முன்வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கொலம்பியா ஆற்றில் போர்ட்லண்டுக்கும் வான்கூவருக்கும் இடையே உள்ள பழைய தூக்குப்பாலம் 178 அடி விடுகிறது. அதற்குப் பதிலாக 116 அடி விடும் நிலையான பாலத்தைத் திட்டக்காரர்கள் முன்மொழிந்தபோது, 178 அடியாவது வேண்டும் என்று 2022-இல் காவல்படை தன் முதற்கட்ட முடிவில் சொன்னது. விரல்விட்டு எண்ணக்கூடிய கலங்களுக்காக ஒரு நகரமே உயரமான பாலத்தின் செலவைச் சுமப்பதா என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது மரபு, நீர்வழிகளை வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுவது. இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்தின் 2006-ஆம் ஆண்டு வகைப்பாட்டு விதிகள் இப்படிப்பட்டவை. முதல் வகுப்பு ஆற்றில் பாலத்தின் கீழ் 4 மீட்டர், இரண்டாம் வகுப்பில் 5 மீட்டர், ஏழாம் வகுப்பில் 10 மீட்டர். இந்த எண்கள் சரக்குப் படகுகளின் மேற்கட்டு உயரத்தை மனத்தில் கொண்டவை. பாய்மரம் இந்தக் கணக்கில் இல்லை. பந்தயப் பயிற்சியில் ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு பாய்ப்படகின் மரமே 6 மீட்டரைத் தாண்டும்போது, முதலிரண்டு வகுப்புகளின் பாலங்கள் பாய்க்கு மூடிய கதவுகள். விதி தவறென்று சொல்வதற்கில்லை. பாய்மரச் சரக்குப் போக்குவரத்து மறைந்த பிறகு எழுதப்பட்ட விதி அது. ஆனால் ஒருமுறை இந்த உயரத்தில் கட்டிய பாலம் நூறாண்டு நிற்கும் என்பதால், இன்று இல்லாத கலம் நாளையும் வராது என்று அது முடிவுகட்டிவிடுகிறது.

சென்னையில் நடந்தது இதைவிடக் கடுமை. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. அங்கே உயர இடைவெளியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கால்வாயின் அகலத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

எண் எப்படிக் கலங்களையே வடிவமைக்கிறது என்பதற்கு அமெரிக்கக் கிழக்குக் கரையோர உள்நீர்வழி நல்ல சான்று. அங்கு நிலையான பாலங்களின் பொது அளவு 65 அடி, அதாவது 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. படகு கட்டுவோர் பலர் தங்கள் மரத்தை அதற்குள் அடக்கியே வரைகிறார்கள். மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடியோடு நின்றுவிட்டதால், உயர மரப் படகுகள் அந்தத் துண்டுக்கு மட்டும் வெளிக்கடலுக்குப் போய்ச் சுற்றி வருகின்றன. நெடிய வழி ஒன்றின் தகுதியை அதன் மிகத் தாழ்ந்த பாலமே நிர்ணயிக்கிறது. 4-ஆம் தேசிய நீர்வழியைப் பற்றிப் பேசுவோர் மறக்கக்கூடாத கணக்கு இது.

எண்ணுக்கு அடியில் இருக்கும் மட்டம்

பாலத்தின் மேல் எழுதிய எண் எதிலிருந்து அளந்தது? இந்தத் துறையின் நீண்ட குழப்பம் இங்கேதான். அமெரிக்க வரைபடங்கள் சராசரி உயர் ஓதத்திலிருந்து அளக்கின்றன. பிரிட்டிஷ் வரைபடங்கள் முன்பு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வாவு காலத்துச் சராசரி உயர் ஓதத்தைக் கொண்டன. பின்னர் வானியல் கணிப்பில் வரக்கூடிய மிக உயர்ந்த ஓதத்துக்கு மாறின. பாம்பனின் 22 மீட்டர் கடலின் சராசரி மட்டத்திலிருந்து. இந்திய உள்நாட்டு விதிகள் மூன்று அளவுகோல்களை வைத்திருக்கின்றன: ஆறுகளுக்கு 20 ஆண்டுத் தரவில் 5 விழுக்காட்டு அளவில் நிகழும் உச்ச வெள்ள மட்டம், ஓதம் ஏறும் கால்வாய்களுக்கு மிக உயர்ந்த நீர்மட்டம், மற்றக் கால்வாய்களுக்கு வடிவமைத்த முழுக்கொள்ளளவு மட்டம்.

ஒரே 12 மீட்டர் இந்த மட்டங்களில் வெவ்வேறு பொருள் தரும். படகின் மரம் 11.6 மீட்டர் என்று கொள்வோம். எண் மிக உயர்ந்த ஓதத்திலிருந்து அளந்ததென்றால், எந்தச் சாதாரண நாளிலும் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத மிச்சம் உண்டு. அதே எண் சராசரி மட்டத்திலிருந்து அளந்ததென்றால், அரை மீட்டர் ஏறிய நேரத்தில் மரத்தின் தலை பாலத்தின் அடியில் இடிக்கும்.

சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் சிறியது. புதுச்சேரியில் அது ஒரு மீட்டர் அளவை ஒட்டியே அமைகிறது. காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரைத் தொடும் ஏற்றத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. அதனால்தான் இங்கே ஓத அட்டவணையைப் புரட்டும் பழக்கம் படகோட்டிகளிடம் வேரூன்றவில்லை என்று கருத இடமுண்டு. ஆனால் இந்தக் கரையில் நீர்மட்டத்தை ஆட்டுவது ஓதம் மட்டுமல்ல. வங்கக் கடலின் சராசரி மட்டமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்து நிற்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், கடல் வற்றினாலும் உப்பங்கழியின் நீர் வற்றாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் போன்ற புயல்கள் வரும்போது கடலும் ஆறும் சேர்ந்தே ஏறுகின்றன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் யாரும் பாய் விரிக்கப் போவதில்லை. ஆனால் படகைப் பாதுகாப்பான இடத்துக்கு, ஆற்றின் மேற்புறம் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கட்ட நினைப்பது அதற்கு முந்தைய நாளில்தான்.

மெதுவாக நகரும் இன்னொரு மாற்றமும் உண்டு. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 1993 முதலான கால் நூற்றாண்டில் வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. அதே வேகத்தில் போனால், நூறாண்டு ஆயுள் கொண்ட பாலம் தன் காலத்தில் 33 சென்டிமீட்டர் இடைவெளியை இழக்கும். பாலத்தில் எழுதிய எண் மட்டும் அப்படியே இருக்கும்.

ஓட்டுபவரின் கணக்கு

நான்காவது விடை சுமையை முழுதும் படகோட்டியின் தலையில் வைக்கிறது. தன் மரத்தின் உயரத்தை அறி, நீர்மட்டத்தைக் கணி, கழித்துப் பார், மிச்சம் வை. ஏட்டில் எளிமையானது. நடைமுறையில், படகு செய்தவர் தரும் உயரம் வெறும் மரத்துக்கானது. உச்சியில் நிற்கும் வானலைக் கம்பி, காற்றுக்காட்டி, விளக்கு எல்லாம் அதற்கு மேலே. சரக்கும் தண்ணீரும் குறைந்த படகு மிதந்து உயரும். கடந்துபோகும் விசைப்படகின் அலை ஒரு நொடியில் அரை மீட்டர் தூக்கிவிடும். நீரின் மேற்பரப்பிலிருந்து உச்சி வரை நாடா விட்டு நேரில் அளந்த எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம் என்று கைநூல்கள் சொல்வது இதனால்தான்.

மரத்தைச் சாய்த்து உயரத்தைக் குறைக்கும் வித்தையும் உண்டு. படகை 20 பாகை சாய்த்தால் மரம் தன் உயரத்தில் சுமார் 6 விழுக்காட்டை இழக்கும்; 20 மீட்டர் மரத்துக்கு அது 1.2 மீட்டர். அமெரிக்க உள்நீர்வழியில் சிலர் தண்ணீர்ப் பைகளை ஒருபக்கம் தொங்கவிட்டு இப்படிக் கடக்கிறார்கள். காற்றை நம்பிச் சாய்ப்பது வேறு: பாலத்தின் அடியில் காற்று அறுபடும், படகு நிமிரும். இதை ஒரு முறை என்று சொல்வதைவிடத் துணிச்சல் என்று சொல்வது பொருந்தும்.

கணக்குச் சரியாக இருந்தும் பயன்படாத நேரம் ஒன்று உண்டு. 2025 மே 17 இரவு மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பல் குவாடெமோக் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தில் மோதியது. மரங்கள் 45 மீட்டர் அளவு. பாலம் விடுவது 41 மீட்டர். மூன்று மரங்களின் தலைகளும் ஒடிந்தன, இருவர் இறந்தனர். அந்தப் பாலத்தின் கீழ் போகும் எண்ணமே கப்பலுக்கு இருக்கவில்லை. துறையை விட்டு விலகும்போது கப்பல் கட்டுக்குள் நிற்காமல் பின்னோக்கி நகர்ந்து பாலத்துக்கே போய்ச் சேர்ந்தது. உயரம் தெரிந்திருந்தால் போதாது, பாலத்துக்கும் தனக்கும் இடையே நின்று திரும்பப் போதிய தூரமும் வேண்டும் என்ற தரப்புக்கு இது வலுவான சான்று.

கம்பி கேட்கும் தனிக் கணக்கு

மின்கம்பியைப் பாலத்தோடு ஒரே அட்டவணையில் சேர்ப்பது வசதிக்காக மட்டும்தான். தன்மையில் அவை வேறு. பாலம் தொட்டால்தான் உடைக்கும். உயரழுத்தக் கம்பி தொடாமலே கொல்லும்: போதிய அருகில் வரும் உலோகத்துக்குக் காற்றைத் தாண்டி மின்சாரம் பாயும். ஆகவே கடல் வரைபட மரபு கம்பிகளுக்குப் பாதுகாப்பு இடைவெளி என்ற தனி எண்ணை வைத்திருக்கிறது. கம்பியின் உண்மை உயரத்திலிருந்து மின்பாய்ச்சலுக்கான தூரத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் எண் அது. பழைய வரைபடங்களில் எந்த எண் எழுதியிருக்கிறது என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

இந்திய உள்நாட்டு நீர்வழி விதிகள் இங்கே வியப்பூட்டும் அளவுக்குத் தாராளம். குறைந்த அழுத்தக் கம்பிகளுக்கும் தொலைபேசிக் கம்பிகளுக்கும் 16.5 மீட்டர், 110 கிலோவோல்ட் வரை 19 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் கூடுதல். 4 மீட்டர் பாலத்தைக் கடந்து வந்த படகுக்கு 19 மீட்டர் கம்பி எதற்கு என்று கேட்கத் தோன்றும். தூர்வாரும் எந்திரமும் கிரேன் ஏற்றிய மிதவையும் பாலங்களுக்கு இடையிலேயே வேலை செய்பவை என்பது ஒரு விடையாகலாம். எப்படியோ, இந்த விதிகளில் பாய்மரத்துக்குத் தாராளமாக இடம்கொடுக்கும் வரி இதுதான். சிக்கல், அறிவிக்கப்பட்ட நீர்வழிகளுக்கு வெளியே. ஏரியிலும் கழியிலும் சிற்றாற்றிலும் குறுக்கே போகும் கம்பி, நீரைத் தாண்டும் கம்பியாகப் பெரும்பாலும் கருதப்படுவதே இல்லை.

கம்பி ஒரே உயரத்திலும் நிற்காது. வெயிலும் மின்சுமையும் ஏற ஏறக் கம்பி நீளும், தொய்யும். 300 மீட்டர் இடைவெளியில் கட்டிய கம்பி 40 பாகை சூடேறினால் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக்கூடும் என்று எளிய கணக்கே காட்டும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று எழும் நேரம் பாய்ப்படகுக்கு உகந்தது. கம்பி தன் தாழ்ந்த நிலையில் தொங்குவதும் அதே பிற்பகல்தான். வளைவுப் பாலத்தின் கீழ் நடுவே போ என்று பழகிய கைக்கு இன்னொரு முரண் காத்திருக்கிறது: கம்பி மிகத் தாழ்ந்திருப்பது நடுவில், கோபுரத்தின் பக்கம்தான் உயரம்.

நிலத்தில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கம். மின்சார விதிகள் சாலையின் குறுக்கே செல்லும் 11 கிலோவோல்ட் கம்பிக்குக் கேட்பது 6.1 மீட்டர். மரம் நிமிர்த்திய சிறு பாய்ப்படகை இழுவண்டியில் ஏற்றினால் அதன் தலை அந்த உயரத்தைத் தாண்டிவிடும். நீரில் நடப்பதற்குச் சமமான விபத்து நிலத்தில் எப்படி நிகழும் என்பதைத் தமிழ்நாடு 2022 ஏப்ரல் 27-இல் கண்டது. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். சாலை உயர்த்திப் போடப்பட்டிருந்ததும் அப்போது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. தேரும் அதே, கம்பியும் அதே. அடித்தளம் மட்டும் ஏறியிருந்தது. ஆற்றில் வெள்ளம் செய்வதைச் சாலையில் தார் செய்தது.

தேர்த் திருவிழாக்களில் ஊர்கள் கண்ட வழி, படகுத்துறையில் இல்லாதது. மூலக்குளத்துக்கு அடுத்த வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் ஓடும் நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தேதி குறித்து, மின்சாரத்தை நிறுத்தி, தேவைப்பட்ட இடத்தில் கம்பியைக் கழற்றித் தேரை விட முடிகிறது. கம்பிக்காரரும் தேர்க்காரரும் ஒரே நாளில் ஒரே தெருவில் நிற்பதால் பொறுப்பு பங்கிடப்படுகிறது. பாய்ப்படகு எப்போது வரும் என்று எந்த மின்துறைக்கும் தெரியாது.

கம்பியைப் பூமிக்கடியிலோ நீருக்கடியிலோ கொண்டுபோவதுதான் முழுத் தீர்வு என்போர் உண்டு. மரத்துக்கு அது தீர்வு. நங்கூரத்துக்குப் புதிய சிக்கல். செலவும் பல மடங்கு. ஆனாலும் படகு கட்டும் இடம், மரம் நிமிர்த்தும் கரை, பயிற்சி நடக்கும் நீர் ஆகியவற்றில் மட்டுமாவது இதை முதலில் செய்யலாம் என்ற இடைப்பட்ட நிலைப்பாடு நியாயமாகவே படுகிறது.

கருவிகள்

மின்னணு வரைபடங்கள் பாலத்துக்கும் கம்பிக்கும் வெவ்வேறு புலங்களில் இடைவெளியைப் பதிகின்றன. மரத்தின் உயரத்தைக் கொடுத்துவிட்டால் சில மென்பொருள்கள் எச்சரிக்கவும் செய்யும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா சில துறைமுகப் பாலங்களின் அடியில் உணரிகளைப் பொருத்தி, அப்போதைய நீருக்கும் பாலத்துக்கும் உள்ள தூரத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. மட்டங்களைப் பற்றிய குழப்பம் முழுவதையும் தாண்டிச் செல்லும் விடை இது ஒன்றுதான்: எந்த நீரிலிருந்து என்ற கேள்விக்கு, இப்போதுள்ள நீரிலிருந்து என்று அது சொல்கிறது. இதன் ஏழை உறவினர், பாலத்தூணில் வரைந்த அளவுகோல். நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே மிஞ்சிய உயரம். மின்சாரமும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். வண்ணம் உரிந்தால் திரும்பப் பூச ஓர் ஆள் மட்டும் வேண்டும். பல இடங்களில் திட்டம் தோற்பதும் அந்த ஆளிடத்தில்தான்.

தீராமல் நிற்பவை

நிலையான பாலம், அறிவித்த எண், ஓட்டுபவரின் கணக்கு என்ற இன்றைய ஏற்பாடு பெரும்பாலான நாட்களில் வேலை செய்கிறது. தூக்குப்பாலங்களுக்குத் திரும்புவது பரவலாக நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாம்பனின் புதிய கண்கூட ஒரு விதிவிலக்காகவே இருக்கும் என்று தோன்றுகிறது. மின்கம்பியின் பக்கம்தான் சான்றுகள் ஒரே திசையில் சாய்கின்றன. அங்கே படகோட்டியின் கவனத்தை மட்டும் நம்புவது போதாது.

தீராத கேள்விகள் சில. நீர்மட்டம் உயர்ந்துவரும் கரையில், பாலத்தின் எண்ணை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும், யார் திருத்த வேண்டும்? சரக்குப் படகுக்காக வகுத்த நீர்வழி வகுப்புகளில் விளையாட்டுப் பாய்ப்படகுக்கும் இடம் கேட்பது நியாயமா, அல்லது மரம் சாயும் படகைக் கட்டிக்கொள் என்று சொல்வதே சிக்கனமா? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தரைவழி இணைப்பு பற்றிய பேச்சு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே அவ்வப்போது எழுகிறது. அது என்றாவது வரைபடமானால், அதன் கீழ் விடும் உயரத்தைப் பாம்பனின் 22 மீட்டரைப் பார்த்து வகுப்பார்களா, தோணிகளும் பாய்ப்படகுகளும் இன்னும் கடக்கக்கூடிய கடலைப் பார்த்து வகுப்பார்களா? புதுச்சேரிக்கு இதைவிடச் சிறிய கேள்வி போதும்: 4-ஆம் தேசிய நீர்வழியின் கடைசித் துண்டில், மரக்காணத்திலிருந்து இங்கே வரும் பாதையில், கட்டவிருக்கும் முதல் பாலத்தின் தூணில் அளவுகோல் வரையும் செலவு எந்தத் துறையின் கணக்கில் எழுதப்படும்?